வெறுங்கையோடு போகலாமா?

தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி, நத்தார் என இந்நாட்டிலே ஆண்டு முழுவதும் விருந்துக்குக் குறைவில்லை. நாற்புறமும் நட்புடைய குடும்பமொன்றுக்கு வருடத்தில் ஐந்தாறு வீடுகளிலிருந்தாவது "சாப்பாட்டுக்கு வந்துவிடுங்கள்" என்ற அழைப்பு வருவது இயல்பு. அழைப்புக் கிடைத்தவுடன் உண்டாகும் மகிழ்ச்சி, விருந்துக்கு முந்திய நாள் மாலையிலே சற்றுக் கலங்கிவிடுகிறது. "என்ன கொண்டுபோவது?" என்று இல்லத்தரசி கேட்பார். குடும்பத் தலைவர் பதில் சொல்லாமலே சட்டையை மாட்டிக்கொண்டு சந்திக் கடைக்குப் போவார். அரை மணி நேரத்தில் பிஸ்கற் ரின் ஒன்றுடன் திரும்பி வருவார்.

பிஸ்கற் ரின்னை நாம் பழிப்பதாக வாசகர்கள் எண்ணவேண்டாம். வேறொன்றுந் தோன்றாதபோது அது கைகொடுக்கும் நண்பன். ஆயினும் அது ஒரு வீட்டிலே தங்கும் இயல்பினதன்று. வந்த ரின்னைத் திறவாமல் அலுமாரியின் மேல் வைத்து, அடுத்த விருந்துக்கு எடுத்துச் செல்லும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. இவ்வாறு நான்கு வீடுகளைச் சுற்றிப் பார்த்த பின்னர், புறப்பட்ட வீட்டுக்கே திரும்பிய ரின் ஒன்றை நாம் அறிவோம். அடியிலே பேனையால் இட்ட சிறு அடையாளம் அதைக் காட்டிக்கொடுத்துவிட்டது. கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் இடையே அந்த ரின் யாதொரு சேதியையும் சுமந்து செல்லவில்லை என்பதே எமது குறை.

குழந்தைகளும் முதியோரும் நோயாளரும் உள்ள வீட்டுக்கு வெறுங்கையோடு போகலாகாது என்பது எம் முன்னோர் வகுத்த ஒழுங்கு. ஒரு சீப்பு இதரை வாழைப்பழம் போதும். அதற்கு மேல் எவரும் எதிர்பார்த்ததில்லை. திருக்குறளின் ஒன்பதாம் அதிகாரமாகிய விருந்தோம்பலிலே அனிச்சப் பூவைக் காட்டி விருந்தினரின் மென்மையை எடுத்துரைத்த வள்ளுவர், அவ்விருந்தினர் கையிலே என்ன கொண்டு வரவேண்டும் என்பதற்கு ஓர் அதிகாரம் வைக்கவில்லை. வைத்திருப்பாராயின் எமது வேலை இலகுவாகியிருக்கும்.

அவர் சொல்லாமல் விட்டதை அனுபவம் சொல்கிறது. விருந்தளிப்பவரின் அடுக்களைக்கு வேலை வைக்கும் பொருளைக் கொண்டுபோகக்கூடாது என்பது அதில் முதலாவது. எமது உறவினர் ஒருவர், மிகுந்த அன்பினர், புத்தாண்டு கழிந்த ஞாயிற்றுக்கிழமை விருந்தொன்றுக்கு முற்பகல் பதினொன்றரை மணிக்கு உமல் நிறைய உயிர் நண்டுகளுடன் வந்து சேர்ந்தார். கறிகள் யாவும் இறக்கியாகிவிட்டன. அடுப்பைத் துடைத்தாயிற்று. வீட்டுக்கார மாமியின் முகத்திலே புன்னகை மாறவில்லை. ஆனால் அவர் அடுத்த ஒரு மணி நேரத்தை நண்டு உடைப்பதிலே கழித்தார். விருந்தினரோடு இருந்து கதைக்கவேண்டிய நேரம் அது. முழுப் பலாப்பழமும் இவ்வகையைச் சேர்ந்ததே. கையிலும் கத்தியிலும் தேங்காயெண்ணெய் பூசி, பாலைத் துடைத்து, சுளை எடுத்து, சடையை அகற்றும் வேலையை விருந்துநாளில் ஒருவர் தலையிலே சுமத்துவது அன்பாகாது. பலாப்பழம் கொடுக்க விரும்புபவர் வீட்டிலேயே சுளையாக்கிப் பாத்திரத்தில் இட்டுக் கொண்டுபோவாராக.

அயலாரின் சமயமும் பழக்கமும் அறிந்து கொடுப்பது இன்னொன்று. நத்தார் கேக்கிலே முட்டையும் பெரும்பாலும் பிறண்டியும் சேருமாதலால், அது மரக்கறி உணவுடைய சைவ வீட்டுக்கோ இஸ்லாமிய நண்பரின் வீட்டுக்கோ உகந்ததன்று. சிங்கள அன்பரின் வீட்டுக்குப் புத்தாண்டுக்குப் போகும்போது, அங்குள்ள முதியோருக்கு வெற்றிலைக் கட்டொன்றைக் கைகூப்பிக் கொடுத்துப் பாருங்கள். கடையில் வாங்கிய எந்தப் பொருளும் அத்தகைய முகமலர்ச்சியைத் தராது. வெற்றிலையின் பொருள் எமக்கும் அவர்களுக்கும் பொதுவானதன்றோ? எங்கள் வீட்டு முதியோரும் வெற்றிலையிலே காசு வைத்துத்தான் கைவிசேடம் தருகின்றனர். நீரிழிவுள்ள வீட்டுக்கு இனிப்புப் பெட்டி கொண்டுபோவதைப்பற்றி நாம் விரித்துரைக்கத் தேவையில்லை.

அவ்வாறாயின் எதைக் கொண்டுபோவது? விருந்துக்கு மறுநாளை நினைத்துக் கொடுக்கவேண்டும் என்பது எமது தாயாரின் கட்சி. விருந்தன்று அந்த வீட்டிலே எல்லாம் நிறைந்திருக்கும். மறுநாட் காலையிலே வீட்டுக்காரி களைத்திருப்பார். சோறும் ஒரு பருப்புக்கறியுமே அன்றைய சமையலாயிருக்கும். அந்த நேரத்திலே கை நீட்டி எடுக்கத்தக்கதாய் ஒரு போத்தல் எலுமிச்சை ஊறுகாயோ, மோர் மிளகாயோ, வேப்பம்பூ வடகமோ இருக்குமாயின் கொடுத்தவரை அவர் வாழ்த்துவார். வீட்டிலே வறுத்து இடித்த மிளகாய்த்தூளுக்கு நிகரான அன்பளிப்பைக் கொழும்பிலே வாழும் யாழ்ப்பாணத்தார் அறியார்.

பனையின் பண்டங்களுக்குத் தனி மரியாதை உண்டு. முட்டியின் உட்புறத்திலே சுண்ணாம்பு தடவிப் புளியாது இறக்கிய பதநீரைக் காய்ச்சி, ஓலையால் இழைத்த சிறு குட்டானிலே வார்த்தெடுப்பது பனங்கட்டி. அதைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் அருந்துவதின் சுகம் சீனிக்கு வராது. பனம்பழக் களியைப் பாயிலே பரப்பி வெயிலிற் காயவைத்த பனாட்டும், அவித்துக் காயவைத்த புழுக்கொடியலும் கெட்டுப்போகும் அவசரம் இல்லாதவை. 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கிய காலந்தொட்டு இவையெல்லாம் முருங்கைக்காய்க் கட்டோடும், வைக்கோலிலே பொதிந்த கறுத்தக்கொழும்பான் மாங்காயோடும் தெற்கு நோக்கிப் பிரயாணஞ் செய்தன. மாங்காயாகப் புறப்பட்டது கொழும்பிலே இரண்டொரு நாளில் மாம்பழமாகிவிடும்.

1990இலே அந்தப் பாதை அடைபட்டது. மீண்டும் யாழ்ப்பாணம் வரை புகையிரதம் ஓடியது 2014இலேதான். இடைப்பட்ட காலத்திலே அன்பளிப்பு என்ற சொல்லின் பொருளே மாறிவிட்டது. வடக்கிலே மண்ணெண்ணெயும் பற்றரியும் கிடைத்தற்கரிய திரவியங்களாயிருந்தன. ஜாம் போத்தலுக்குள்ளே சிறிது எண்ணெயும் திரியும் இட்டுப் பிள்ளைகள் படித்தனர். அந்நாட்களிலே ஒரு வீட்டுக்கு இராச் சாப்பாட்டுக்குப் போனவர்கள் அரைப்போத்தல் மண்ணெண்ணெயைக் கொண்டுபோனார்கள். "உங்கள் வெளிச்சத்தை நாங்கள் செலவழிக்கலாமா?" என்பது அதன் பொருள். கிளாலிக் கடனீரேரியைப் படகிலே கடந்து கொழும்பு வந்து சேர்ந்த ஒருவர் மடியிலிருந்து எடுத்துத் தந்த நான்கு பனங்கட்டிக் குட்டான்களை எமது பாட்டியார் உண்ணவேயில்லை. சுவாமி அறையிலே வைத்துவிட்டார். எறும்பு மொய்த்த பின்னரே அவை அகற்றப்பட்டன.

பின்னர் 2022ஆம் ஆண்டு வந்தது. எரிவாயுவும் இல்லை, பால்மாவும் இல்லை, மின்சாரமும் இல்லை. அவ்வாண்டுச் சித்திரைப் புத்தாண்டுக்கு ஆரை அழைப்பது என்று விருந்தளிப்போர் தயங்கினர். எதைக் கொண்டுபோவது என்று விருந்தினரும் தயங்கினர். தயங்கித் தயங்கியே ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகாமல் விட்டுவிடும் அபாயம் இருந்தது. வெள்ளவத்தையிலே சிறிய வீடொன்றில் வாழும் எமது மாமி மாத்திரம் வழக்கம்போல் எல்லோரையும் அழைத்தார். ஓய்வூதியத்தில் வாழ்பவர் அவர். அவருடைய நிலைமை யாவரும் அறிந்ததே. பெரிய பொருளாய்க் கொண்டுபோனால் "இவளால் முடியாது என்று நினைத்துவிட்டார்கள்" என்று மனம் நோவார். ஒன்றுமில்லாமற் போனாலோ அவருடைய ஒரு கிழமைச் சாப்பாட்டை நாம் உண்டுவிட்டு வருவோம்.

சித்தப்பா ஒரு சாக்கிலே சிரட்டைக்கரி கொண்டுவந்தார். மாமி சிரித்தேவிட்டார், அதிலே கௌரவக் குறைவு இல்லை, எல்லோர் வீட்டிலும் அன்று அதுவே தேவை. எமது தாயார் 400 கிராம் பால்மாப் பைக்கற் ஒன்றையும் இரண்டு கொத்து அரிசியையும் கொண்டுவந்திருந்தார். அவற்றை மண்டபத்திலே பலர் முன்னிலையிற் கொடுக்கவில்லை. தண்ணீர் குடிக்கப் போபவர்போல் அடுக்களைக்குள் நுழைந்தார்.

"ஏன் பிள்ளை இதெல்லாம்?" என்றார் மாமி.

"வீட்டிலை கனக்கச் சேர்ந்திட்டுது மாமி. வண்டு பிடிச்சிடும். நீங்கள்தான் உதவி செய்யவேணும்."

எங்கள் வீட்டிலே அரிசி கனக்க இருக்கவில்லை என்பது மாமிக்குத் தெரியும். தெரியும் என்பது தாயாருக்கும் தெரியும். இருவரும் அந்தப் பொய்யைப் பக்குவமாய்க் கையிலே ஏந்தி, அலுமாரித் தட்டிலே வைத்துவிட்டு, சொதிக்கு உப்புப் போதுமா என்று பார்க்கத் தொடங்கினர். கடைகளிலே விற்கப்படும் பளபளப்பான உறைக் கடதாசிகளை எத்தனையோ கண்டிருக்கிறோம். அந்தச் சொற்களைவிட நல்ல உறையை நாம் இன்னும் காணவில்லை.

மாணவ வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. விடுதியிலே தங்கிப் படிக்கும் மாணவர் பலர், சிநேகிதரின் வீட்டிலே விருந்துக்கு அழைத்தால் கையிலே காசில்லாத காரணத்தினால் ஏதோ சாட்டுச் சொல்லிப் போகாமல் விடுகின்றனர். இது வேண்டாத வெட்கம். ஒரு மணி நேரம் முன்னதாகப் போய், திருவலையிலே உட்கார்ந்து நாலு தேங்காய் திருவிக் கொடுக்கும் பிள்ளையை எந்தத் தாய் மறப்பாள்? விருந்து வீட்டிலே தேங்காய் திருவ ஆள் கிடைப்பது பிஸ்கற் ரின் கிடைப்பதைப் பார்க்கிலும் அரிது. ஆண்பிள்ளைகள் திருவலாமா என்று கேட்பவர்களுக்கு எமது பதில்: தாராளமாகத் திருவலாம், சிரட்டை வரை சுரண்டிக் கறுப்பு விழாமற் பார்த்துக்கொண்டால் போதும்.

இனி, விருந்து முடிந்து புறப்படும்போது நடப்பதையும் சொல்லவேண்டும். எம்மவர் வீட்டிலே விருந்தினரை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கமும் இல்லை. பயற்றம் பணியாரமும் முறுக்கும் ஒரு பாத்திரத்திலே நிறைந்து எம்மோடு வந்துவிடும். அந்தப் பாத்திரத்தைக் கழுவி வெறுமையாகத் திருப்பியனுப்பலாகாது. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது இட்டு அனுப்பவேண்டும். அதனால் கொடுக்கல் வாங்கல் ஒருபோதும் நேராவதில்லை. எந்நேரமும் யாரோ ஒருவர் மற்றவருக்குச் சிறிது கடன்பட்டே இருக்கிறார். மாமியின் மூன்றடுக்குச் சாப்பாட்டுக் கரியர் கடந்த தீபாவளி தொடக்கம் எமது அடுக்களையிலே இருக்கிறது. கீழ்த்தட்டுக்கு எள்ளுருண்டை என்று தாயார் முடிவு செய்துவிட்டார். மேல் இரண்டு தட்டுக்களுக்கும் என்ன இடுவது என்பது பற்றி வீட்டிலே இன்னும் கருத்து வேற்றுமை நிலவுகிறது.