மிச்சம் என்று யாருமில்லை

புலமைப்பரிசில் முடிவு வந்தால் எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு கிழமைக்கு ஒரே பேச்சுத்தான். கெட்டிக்காரப் பிள்ளைகள் நகரப் பாடசாலைக்குப் போகிறார்கள், இனி யாரை வைத்துப் பெறுபேறு காட்டுவது? இம்முறை அதைக் கேட்டுக்கொண்டு வாசலில் நின்ற தரம் 6 பிள்ளை ஒன்று, "அப்ப நாங்க மிச்சப் புள்ளயளா சேர்?" என்றது. எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை.

கலாசாலை நாட்களிலிருந்தே நாங்கள் நாலைந்து பேர் என்.பி.ஏ. கூடைப்பந்துப் பைத்தியம். ஒக்லஹோமா சிட்டி தண்டர்தான் எங்கள் அணி. அதற்கும் எங்கள் கதைதான். சிறிய நகரம். 2016இல் ஒப்பந்தம் முடிந்த கெவின் டுராண்ட், விரும்பிய அணிக்குப் போய்விட்டார். பதிலுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. 2019இல் போல் ஜோர்ஜும் போகவேண்டும் என்றார்.

இம்முறை முகாமையாளர் சாம் பிரெஸ்டி சும்மா விடவில்லை. அவரைக் கிளிப்பர்ஸ் அணிக்குக் கொடுத்து, ஒரே பருவம் ஆடியிருந்த ஷாய் கில்ஜியஸ் அலெக்சாண்டரையும் இன்னொரு வீரரையும் ஐந்து முதற்சுற்று டிராப்ட் உரிமைகளையும் வாங்கினார். டிராப்ட் என்றால், அணிகள் வரிசைப்படி புதிய வீரர்களைத் தெரிவுசெய்வது. அன்றைக்கு அந்த உரிமைகள் வெறும் கடதாசி. அதில் ஒன்றில்தான் 2022இல் ஜெலன் வில்லியம்ஸ் வந்தார்.

இடையில் பட்ட அடி கொஞ்சமல்ல. 2021 டிசம்பரில் மெம்பிஸிடம் 73 புள்ளிகளால் தோற்றார்கள். நாங்களே சிரித்தோம். தோற்கும் அணிக்கு டிராப்டில் முன்னிடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். அப்படி வந்த செட் ஹொல்ம்கிரன் கால் காயத்தால் முதல் பருவம் முழுக்க ஆடவேயில்லை. காத்திருந்தார்கள். 2024இல் ஜோஷ் கிடியைக் கொடுத்து அலெக்ஸ் கரூசோவை எடுத்தார்கள். ஒப்பந்தம் முடிந்து நின்ற ஐசயா ஹார்ட்டன்ஸ்டைனும் வந்து சேர்ந்தார். டுராண்ட் போன வழியால் இப்போது ஆள் வந்தது.

2025 ஜூன் 23, திங்கட்கிழமை. சுபஹ் தொழுதுவிட்டு போனைத் திறந்தோம். இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம். பாதியோடு பாடசாலைக்கு ஓடினோம். முதலாம் பாடவேளை முடிந்துதான் 103-91, தண்டர் சம்பியன் என்று தெரிந்தது.

அந்த அணியில் எங்களுக்குப் பிடித்தவர் லூ டோர்ட். 2019 டிராப்டில் 60 பெயர்கள் வாசிக்கப்பட்டன. அவருடைய பெயர் இல்லை. தோற்ற வருடங்கள் முழுக்க இருந்தார். சம்பியனான பருவத்தில் லீக்கின் முதல்தரத் தடுப்பாட்ட ஐவரில் ஒருவர்.

அணிகள் ஆளைக் கொடுத்து ஆளை வாங்கலாம். எங்களுக்கு அந்த உரிமை இல்லை, இருக்கவும் கூடாது. போல் ஜோர்ஜ் போனதற்காக ஐந்து வருடம் அழுதிருந்தால் தண்டருக்குக் கிண்ணம் வந்திருக்காது. நாங்கள் ஒவ்வொரு வருடமும் அழுகிறோம், அதுவும் இருக்கிற பிள்ளைகளின் காதில் விழும்படி.

அந்தப் பிள்ளைக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்ல வேண்டும். நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்?