கேட்பார் செவியும் அனுப்புவார் கையும்

கல்வியாலும் செல்வத்தாலும் உண்டாகும் செருக்கைப் பற்றி எழுதினோர் பலர். வேகத்தால் உண்டாகும் செருக்கைப் பற்றி எழுதினோர் சிலரே. அச்செருக்கு என்னைப் பற்றியதும், ஒரு துணிக்கவ்வியால் அது நீங்கியதுமாகிய வரலாற்றை நம் கல்லூரி அன்பர்களுக்கு ஈண்டுக் கூற விரும்புகின்றேன்.

யான் அரசாங்க உரிமம் பெற்று, பொழுதுபோக்காக வானொலி வழியே மோர்ஸ் சங்கேதத்தில் உரையாடுவோருள் ஒருவன். அச்சங்கேதம் புள்ளியும் கோடுமாகிய இரண்டே ஒலிகளால் ஆயது. நம் இலக்கணத்தில் குறிலுக்கு ஒரு மாத்திரையும் உயிரளபெடைக்கு மூன்று மாத்திரையும் கூறுவர். அவ்வாறே இங்கும் புள்ளிக்கு ஒன்று, கோட்டிற்கு மூன்று. மௌனத்திற்கும் அளவுண்டு, ஓர் எழுத்தினுள் ஒலிகளுக்கிடையே ஒன்று, எழுத்துக்களுக்கிடையே மூன்று, சொற்களுக்கிடையே ஏழு. ‘பாரிஸ்’ என்னும் ஆங்கிலச் சொல் தன்பின் வரும் இடைவெளியோடு 50 மாத்திரை பெறும். அச்சொல்லை ஒரு நிமிடத்தில் எத்தனை முறை அனுப்பலாமோ, அதுவே வேகத்தின் அளவாகும்.

சாதாரண விசையில் ஒவ்வொரு புள்ளியையும் கையே அடித்தல் வேண்டும். நாள் முழுதும் அவ்வாறு அடித்த தந்தி ஊழியர் பலருக்குக் கை நொந்து செயலற்றது. அத்துன்பத்தைக் குறைக்கும் விசை ஒன்றற்கு அமெரிக்காவில் ஹொரேஸ் மார்ட்டின் என்பவர் 1904-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். வைப்ரோப்ளெக்ஸ் என்பது அதன் வணிகப் பெயர். பூச்சி எனப் பொருள்படும் ‘பக்’ என்பது வழக்குப் பெயர். கட்டைவிரலால் அதனை ஒருபுறம் தள்ளினால், மெல்லிய வில்லிற் பொருந்திய கம்பியொன்று ஊசல்போல் அதிர்ந்து புள்ளிகளைத் தானே தொடுக்கும். கோடுகளைமட்டும் சுட்டுவிரலால் நாமே அடித்தல் வேண்டும். அக்கம்பியின்மேல் ஒரு சிறு பாரம் உண்டு. அதனை நுனியை நோக்கி நகர்த்தினால் அதிர்வு மெதுவாகும். அடியை நோக்கி நகர்த்தினால் விரைவாகும்.

பழைய பக் ஒன்றை வாங்கிய அன்றே யான் பாரத்தை அடிவரை தள்ளினேன். புள்ளிகள் நொடிக்குப் பத்துக்கு மேலாக, அதாவது நிமிடத்திற்கு 24 சொல்லுக்கும் மிகுந்த வேகத்தில், மழைபோற் பொழிந்தன. கோடுகளோ என் கையின் பழைய வேகத்திலேயே நடந்தன. குதிரையையும் எருதையும் ஒரே வண்டியிற் பூட்டியதை யான் உணர்ந்திலேன்.

ஒரு நாள் மாலை என் அழைப்பிற்கு ஒருவர் மிகத் தயங்கி விடையளித்தார். எழுத்தெழுத்தாக எண்ணி அனுப்பினமையால், புதிதாகக் கற்றவர் என்பது விளங்கிற்று. யான் வழக்கம்போல் அடித்தேன். அவர் ‘க்யூ ஆர் எஸ்’ என்றார். மெதுவாக அனுப்புக என்பது அதன் பொருள். யான் முன்னைய வேகத்திலேயே மீண்டும் அனுப்பினேன். திருகாணியைத் தளர்த்திப் பாரத்தை நகர்த்துவதற்குச் சோம்பல் ஒரு பாதி. என் திறமையை அவர் அறியட்டும் என்ற எண்ணம் மறுபாதி. அவர் இன்னொரு முறை ‘க்யூ ஆர் எஸ்’ என்றார். அதன்பின் மௌனமே நிலவிற்று.

அறையின் மூலையில் என் பெரியப்பா அமர்ந்திருந்தார். தந்தி அலுவலகத்தில் பல்லாண்டு பணியாற்றி ஓய்வு பெற்றவர் அவர். 2013-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நம் நாட்டுத் தந்திச் சேவை முடிவுற்ற அன்று அவர் உணவு கொள்ளவில்லை.

“என்ன தம்பி, அவர் போய்விட்டாரா?” என்றார்.

“ஆம், பெரியப்பா. அவருக்குப் பயிற்சி போதவில்லை” என்றேன்.

“அவர் அனுப்பியது எனக்கு விளங்கிற்று. நீ அனுப்பியதுதான் எனக்கும் விளங்கவில்லை. எங்கள் காலத்தில், அந்தப் பக்கம் எழுதிக்கொள்கிறவருடைய பென்சில்தான் எங்கள் கைக்கு வேகம் சொல்லும்.”

பின்பு அவரே எழுந்து வந்து பாரத்தை நுனிவரை நகர்த்தச் செய்தார். விரைவுக்கென்றே அமைந்த கருவியாதலின், வேகம் அப்பொழுதும் போதிய அளவு குறையவில்லை. கொடியிலிருந்து துணிக்கவ்வி ஒன்றைக் கொணர்ந்து கம்பியின் நுனியில் மாட்டினார், அதிர்வு தளர்ந்தது. அடுத்து, விசையைத் தள்ளிப் பிடித்து, அதிர்வு முற்றும் நின்றபின், தொடுமுனைகள் ஒன்றையொன்று அழுத்தாமல் சற்றே தொடுமாறு திருகாணியைச் சீர்ப்படுத்தினோம். அழுத்தம் மிகுந்தால் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டும். குறைந்தால் நலிந்து தேயும். யான் மெல்ல அடிக்க, பெரியப்பா கண்களை மூடிக்கொண்டு எழுத்தெழுத்தாகச் சொல்லி வந்தார். கருவியின் புள்ளியும் என் கோடும் அன்றே முதன்முறையாக ஒத்து நடந்தன.

மறுநாள் அதே நேரத்தில், அதே அலைவரிசையில் அழைத்தேன். அதற்கு மறுநாளும் அழைத்தேன். அந்தத் தயங்கிய கை மீண்டும் வரவில்லை. அவர் பயிற்சியையே விட்டுவிட்டாரோ என்னும் ஐயம் இன்றும் என்னை வருத்துகின்றது.

அன்பர்காள்! நம்மிற் பலர் பிறருக்குக் கற்பிப்போராகவும் பிறர் குறை கேட்போராகவும் ஆகவிருக்கின்றோம். நம் நாவிற்கும் இத்தகைய பாரம் ஒன்றுண்டு. அதனை நிறுத்தும் இடத்தைக் கேட்பவரே காட்டுவர். வேகமாக அனுப்புவோர் வந்தால் யான் கவ்வியைக் கழற்றுவதுண்டு. அவர் விடைபெற்றதும், அடுத்து வருபவர் யாரோ எனக் கருதி, அதனை மீண்டும் மாட்டிவிட்டே அழைக்கின்றேன்.