முகத்தில் விழவேண்டிய ஒளி

சினிமா என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர் மனத்தில் தோன்றுவன நடிகர்களின் முகங்களே. அம்முகங்களின் மீது ஒளியைப் பாய்ச்சியவர் யார், அவ்விளக்கைத் தோளிற் சுமந்து வந்தவர் யார் என்று நாம் கேட்பதில்லை. மாளிகையைக் கண்டு வியப்பவர் மேசனை மறந்துவிடுவது போன்றதே இதுவும்.

கிரானில் வயற்கூலிக் குடும்பமொன்றிற் பிறந்த நான், எங்களூர் வட்டையில் நடந்த குறும்படப் படப்பிடிப்பொன்றில் கமராவையும் விளக்குகளையும் கையாளக் கற்கச் சென்றேன். பயிற்சி மூன்று கிழமை. அதுவோ அறுவடைக் காலம். வெட்டு மெசின் வந்த பின்னரும் மூடை சுமக்கவும் நெல் காயவைக்கவும் ஆட்கள் வேண்டும். ஆகவே மூன்று கிழமைக் கூலியை இழந்தே இத்தொழிலை நான் கற்கவேண்டியிருந்தது. கலை கற்பதற்கு ஆர்வம் ஒன்றே போதும் என்போர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவரல்லர். எங்கள் வீட்டில் அக்கணக்கைப் போட்டவர் அப்பா. இரண்டு நாள் பேசாதிருந்தவர், மூன்றாம் நாள், “போ. ஆனா படிச்சத்த வந்து எனக்கும் சொல்லித்தா” என்றார்.

முதற் கிழமையில் எவருக்கும் கமராவைத் தொடக் கிடைக்கவில்லை. வயரை அதன் முறுக்கின் போக்கிலேயே சுருட்டவேண்டும். எதிராக முறுக்கினால் உள்ளே செம்பு அறுந்துபோகும். விளக்குத் தாங்கி காற்றிற் சாயாதிருக்க, உரப்பையில் மணல் நிரப்பி அதன் காலில் வைக்கவேண்டும். சிறிய விளக்கு நேரே பாய்ந்தால் நிழல் கத்திபோல் விழும். அதே ஒளியைப் பெரிய ரெஜிபோம் பலகையில் பட்டுத் தெறிக்கச் செய்தால் நிழல் மென்மையாகும். விளக்கை இருமடங்கு தூரத்துக்கு நகர்த்தினால் ஒளி பாதியாகாது, காற்பங்காகும். இவற்றைத் தோளும் கையும் முதலிற் கற்றன. மூளை பின்னரே கற்றது. உழைத்துப் பழகிய வீட்டுப் பிள்ளைகளுக்கு இம்முறை அந்நியமாகத் தோன்றவில்லை.

இரண்டாம் கிழமையில் வீதியோரம் நெல் காயவைத்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவரைப் படம்பிடித்தோம். நண்பகல் வெயில். கமரா தானாகவே ஒளியை அளந்துகொண்டால் என்ன நிகழும் என்பதைக் காட்டுவதற்காகப் பயிற்றாசிரியர் முதலில் அதை அதன் போக்கில் விட்டார். எடுத்த காட்சியைச் சிறு திரையிற் பார்த்த மூதாட்டி, “வானம் வடிவா இரிக்கு, என்னத்தான் காணல்ல, புள்ள” என்றார்.

அவர் சொன்னது முழு உண்மை. கமராவினுள் உள்ள ஒளிமானிக்கு வானமும் தெரியாது, மனிதரும் தெரியாது. தன்முன் உள்ள அனைத்தையும், விழும் ஒளியில் நூற்றுக்கு 18 வீதத்தைத் தெறிக்கும் சாம்பல் நிறமாகவே அது கருதிக்கொள்கின்றது. காட்சியின் பெரும்பகுதியை வானம் நிரப்பினால், ஒளி மிகுந்துவிட்டதென்று எண்ணித் துவாரத்தைச் சுருக்குகின்றது. வானம் தப்பிக்கொள்கின்றது, கறுத்த முகம் இருளில் மூழ்குகின்றது. முகத்தை மட்டும் அளந்து அந்த அளவை அப்படியே ஏற்றாலோ, கறுப்பு வெளிறிச் சாம்பலாகின்றது. கறுப்பைக் கறுப்பாகவே, உயிரோடு காட்டும் அளவு இவ்விரண்டுக்கும் இடையில் உள்ளது. அதை மனிதரே தீர்மானிக்கவேண்டும். கமராவைத் தாழ்த்தி வானத்தைக் குறைத்தோம். ரெஜிபோம் பலகையை நான் பக்கவாட்டிற் பிடித்தேன். கன்னத்து வியர்வையும் நெற்றிச் சுருக்கமும் துலங்கின. “இதுதான் என்ட முகம்” என்றார் மூதாட்டி.

யாருடைய முகத்தை அளவுகோலாகக் கொள்வது? இக்கேள்வி எங்கள் வட்டையோடு முடிந்துவிடுவதன்று. கொடாக் நிறுவனம் வண்ணப்படங்களைச் சரிபார்ப்பதற்காக ஆய்வுகூடங்களுக்கு அனுப்பிய அட்டைகளில் பல்லாண்டு காலம் இருந்தவர் வெள்ளைத்தோற் பெண்ணே. ‘ஷேர்லி அட்டை’ என்பது அதன் பெயர். அவருடைய நிறம் சரியாக விழுந்தால் எல்லாம் சரி என்பதே விதி. வெள்ளைக் குழந்தைகளோடு நின்ற கறுப்புக் குழந்தைகளின் முகங்கள் படங்களில் மறைந்துபோயின. பழுப்பு நிறங்கள் திருத்தமடைந்ததில், தம் பொருள்கள் படத்திற் சரியாக விழவில்லை என்று முறையிட்ட சொக்கலேற், மரத்தளபாட உற்பத்தியாளருக்கும் பங்குண்டு என்று அந்நிறுவனத்திற் பணியாற்றியோரே பிற்காலத்தில் கூறினர். மனிதரின் குரலுக்குத் திறவாத செவி சந்தையின் குரலுக்குத் திறந்தது!

எனினும் இவ்வளவுகோலை மாற்றியவர்களும் நம் பக்கத்திலேயே இருந்தனர். ‘பதேர் பாஞ்சாலி’யைப் படம்பிடிக்கத் தொடங்கியபோது சுப்ரத மித்ரா இருபதை அண்மையிற் கடந்த இளைஞர், அதற்கு முன் அவர் சினிமாக் கமராவைக் கையாண்டதில்லை. 1956இல் வெளிவந்த ‘அபராஜிதோ’வுக்காகக் கல்கத்தாவில் அமைத்த காசி வீட்டு முற்றத்தின் மேல் வெள்ளைத் துணியைக் கட்டி, அதில் விளக்கொளியைத் தெறிக்கச்செய்து, மெய்யான பகலொளியை அவர் உண்டாக்கினார்.

மட்டக்களப்பு வாவியோரத்து அமிர்தகழியில் 1939இற் பிறந்தவர் பாலு மகேந்திரா. மாணவப் பருவத்தில், ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ படத்தின் படப்பிடிப்பைக் கண்டதே தம்மைச் சினிமாவின்பால் ஈர்த்தது என்று அவர் நினைவுகூர்ந்ததுண்டு. 1966இல் பூனா திரைப்படக் கல்லூரியிற் சேர்ந்து ஒளிப்பதிவு கற்றார். 1974இல் வெளிவந்த ‘நெல்லு’ என்ற மலையாளப் படத்தால் அறிமுகமானார். யன்னலூடே வரும் இயற்கை ஒளியில் மாநிற முகங்களை அவர் காட்டிய அழகைத் தமிழுலகம் அறியும். ஆனால் அக்கலையைக் கற்க அவர் கடல் கடக்க நேர்ந்தது. அவ்வாறு கடக்க இயலாத எத்தனை பேரின் கண்கள் எங்கள் வயல்களிலேயே ஓய்ந்துபோயிருக்கும்?

இன்று கமரா கைத்தொலைபேசியிலேயே வந்துவிட்டது. இனித் தடையில்லை என்பர் சிலர். விளக்கு, ஜெனரேற்றர் வாடகை யாரிடம் உண்டு? கற்பதற்கான ஓய்வு யாரிடம் உண்டு? கருவி மலிந்தாலும் நேரம் மலியவில்லை.

ஆசிரியத் தோழர்களே, விஞ்ஞான வகுப்பில் நீங்கள் வில்லையையும் தெறிப்பையும் கற்பிக்கின்றீர்கள். ஒரு நாளேனும் மாணவரை வெளியே அழைத்துச் சென்று, ஒரு கைத்தொலைபேசியையும் ஒரு வெள்ளைப் பலகையையும் கொடுத்து, உழைக்கும் ஒருவரின் முகத்துக்கு ஒளி சேர்க்கச் சொல்லுங்கள். அறுவடை முடிந்த கிழமையாக அந்நாளைத் தெரிந்தெடுங்கள். அப்போதுதான் கூலி வீட்டுப் பிள்ளையும் அங்கே வந்து நிற்கும்.