துண்டு போட முடியாத இருக்கை

பறம்பிக்குளம் மூங்கில் தெப்பத்திலிருந்து தேக்கடியின் இரண்டு தளப் படகு வரை: எல்லை மலைகளின் நீர்த்தேக்கங்களில் உட்காரும் இடம்தான் உயிர் காக்கும் இடம்.

தேக்கடி படகுத்துறையில் காலைப் படகுக்கு ஆட்களை ஏற்றும்போது நடப்பது தமிழர்களுக்குப் பழகிய காட்சி. மதுரை பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கும் அதே அவசரம். குழந்தையை இடுப்பில் இடுக்கியபடி ஓர் அம்மா ஓட, பையோடு முந்திச் சென்ற அப்பா ஓரத்து இருக்கைகளை மறித்துக்கொண்டு நிற்பார். யானை எந்தக் கரையில் வரும் என்பது யாருக்கும் தெரியாது. ஆனாலும் ஓர சீட் வேண்டும்.

படகு நகர்ந்ததும் ஆரவாரம் அடங்கிவிடுகிறது. பனிக்குள்ளிருந்து பட்ட மரங்கள் ஒவ்வொன்றாக வெளிப்படுகின்றன. 1895ல் பென்னிகுக்கின் முல்லைப் பெரியாறு அணை நீரைத் தேக்கியபோது மூழ்கிய காட்டின் மிச்சம் அவை. நூற்றாண்டுக்கு மேல் தண்ணீரில் நின்றும் சாயாத அந்தக் கட்டைகளின் உச்சியில் நீர்க்காகங்கள் சிறகை விரித்து உலர்த்துகின்றன. படகுக்கு அடியில் இருப்பது கேரளத்து மலையில் பெய்த மழை. அதுவே சுரங்கம் வழியாக இறங்கி, கம்பம் பள்ளத்தாக்கின் நெல் வயலுக்குப் போகிற தண்ணீர்.

இத்தனை அழகையும் பார்க்கிற பயணி கவனிக்காத ஒன்று உண்டு. அவர் உட்கார்ந்திருக்கும் இருக்கை.

பாலக்காட்டிலிருந்து இடுக்கி வரை தமிழக எல்லையை ஒட்டிய மலைகளில் நீர்த்தேக்கங்கள் வரிசையாகக் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் படகு வேறு, உட்காரும் விதமும் வேறு. வடக்கே பறம்பிக்குளம். பாலக்காடு மாவட்டத்தில் இருந்தாலும் பாலக்காட்டுக்காரர் அங்கே போகத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து பொள்ளாச்சி, சேத்துமடை, டாப் ஸ்லிப் என்று சுற்றித்தான் போக வேண்டும். அணை கேரள மண்ணில், பராமரிப்பு தமிழகத்தின் கையில். அந்த ஏரியில் வனத்துறை விடும் மூங்கில் தெப்பங்களில் குஷனும் கிடையாது, ரெக்ஸினும் கிடையாது. மூங்கில்களை வரிசையாகப் பிணைத்து, மேலே மூங்கிலிலேயே தாழ்வாக ஒரு பெஞ்சு. அவ்வளவுதான்.

அரை மணி நேரத்தில் முதுகு முணுமுணுக்கத் தொடங்கும். ஆனால் மூங்கிலின் ஒவ்வொரு கணுவும் காற்றடைத்த சிறு அறை. ஒன்று உடைந்தாலும் மற்றவை மிதக்கும். தெப்பம் அகலமானது, இருக்கை தாழ்வானது. ஒருவர் எழுந்து நகர்ந்தால் லேசாகத் தலையசைத்துவிட்டு மறுபடி நிமிர்ந்துகொள்ளும். சொகுசு இல்லாத இருக்கை பத்திரமானதாக இருக்கிறது.

உடுமலைப்பேட்டை வழியாக சின்னாறு, மறையூர் கடந்து மூணாறு போய், அங்கிருந்து டாப் ஸ்டேஷன் சாலையில் திரும்பினால் குண்டளை ஏரி. இங்கே ஓடுவது காஷ்மீரத்து ஷிகாரா பாணிப் படகு. மேலே பந்தல், உள்ளே மெத்தை, சாய்ந்துகொள்ளத் திண்டு. புதுமணத் தம்பதிகள் ஸ்ரீநகர் வரை போகாமலே போட்டோ எடுத்துக்கொள்ளலாம். இதில் சொகுசுக்குக் குறைவில்லை. ஆனால் ஷிகாராவைக் கண்டுபிடித்தவர்கள் விவரமானவர்கள். மெத்தையை உயரத்தில் வைக்கவில்லை. பயணி கிட்டத்தட்டப் படகின் அடித்தட்டிலேயே காலை நீட்டிக்கொள்கிறார்.

இந்த மலைகளில் மெத்தைக்கு எதிரி உப்புக் காற்று அல்ல, ஈரம். ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்கு. இடையில் வெயில் சுள்ளென்று அடிக்கும், இரவில் பனி சொட்டும். வெயிலில் ரெக்ஸின் வறண்டு வெடிக்கிறது. வெடிப்பு வழியாக இறங்கும் தண்ணீர் உள்ளே தங்குகிறது. இரண்டு மழைக்காலத்தில் மெத்தை கறுத்து, பூஞ்சை நாற்றம் அடிக்கத் தொடங்கும். அப்போது படகு வைத்திருப்பவர் தேடிப் போவது குஷன் கடையை.

எல்லை ஊர்களில் குஷன் வேலைக்குப் பஞ்சமில்லை. காரணம் ஜீப்புகள். கம்பம், கூடலூர்ப் பக்கமிருந்து விடியும் முன்னே ஏலத் தோட்டங்களுக்கு ஆட்களை அள்ளிக்கொண்டு மலையேறும் ஜீப்புகளின் சீட்டுகள் சீக்கிரம் கிழிந்துபோகின்றன. கிழிந்ததைப் பிரித்து, கனமான ஃபோம் வைத்து, புது ரெக்ஸின் இழுத்துத் தைத்துக் கொடுப்பது இங்கே அன்றாடத் தொழில். ஜீப்புக்குத் தைத்த கை படகுக்கும் அப்படியே தைத்துவிடும். சிக்கல் ஆரம்பிப்பதும் அங்கேதான். ஜீப் தரையில் நிற்கிறது. படகு தண்ணீரில் நிற்கிறது.

தோட்டத்துக் குளத்திலோ பண்ணைக் குட்டையிலோ சின்னப் படகு வைத்திருப்பவர், கடைக்குப் போகாமல் வீட்டிலேயே இருக்கையைப் புதுப்பித்துவிடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். வேண்டியவை ஸ்க்ரூ டிரைவர், குறடு, கத்தரி, கை ஸ்டேப்ளர், தடித்த துணி தைக்கும் மெஷின்.

முதலில் இருக்கையைப் படகிலிருந்து கழற்றி, பழைய உறையைக் கிழிக்காமல் பிரிக்க வேண்டும். அந்த உறைதான் புது உறைக்கு அளவு. தையலைப் பிரித்து, துண்டுகளைப் புது ரெக்ஸின் மேல் பரப்பி, சாக்கட்டியால் கோடு போட்டு, தையலுக்கு அரை அங்குலம் விட்டு வெட்டினால் தையற்காரரின் கணக்கு தேவைப்படாது.

அடுத்து பலகை. ஸ்க்ரூ டிரைவர் முனையால் அங்கங்கே குத்திப் பார்க்க வேண்டும். முனை உள்ளே இறங்கினால் மரம் உளுத்துவிட்டது. மாற்றும்போது வீட்டு அலமாரிக்கு வாங்கும் சாதா பிளைவுட் ஆகாது. ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் வேண்டும். கொதிநீரிலும் பிரியாத பசையால் ஒட்டப்பட்டது அது. வெட்டிய ஓரங்கள் உட்பட எல்லாப் பக்கமும் வார்னிஷ் அடித்து, தண்ணீர் வடிய நாலைந்து துளைகள் போட வேண்டும். இந்தத் துளைகளை மறந்தால் மற்ற வேலையெல்லாம் வீண்.

உள்ளே என்ன வைப்பது? எல்லைப் பகுதிக்கு இதில் சொந்தமாகவே ஒரு பதில் இருக்கிறது. பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார், மலைக்கு மேற்கே ரப்பர். சுருட்டிய நாரின் மேல் ரப்பர் பால் தெளித்து அழுத்திச் செய்யும் நார் மெத்தைக்குள் காற்று புகும், தண்ணீர் தங்காமல் வடியும். கட்டில் மெத்தைக்கும் வாகன இருக்கைக்கும் பயன்பட்டு வந்த இந்தச் சரக்கு படகுக்கும் பொருந்தும். நனைந்தால் வெயிலில் காய வைக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. செயற்கையாக வேண்டுமென்றால் தண்ணீரை உறிஞ்சாத, கண்ணறைகள் மூடிய ஃபோம் கிடைக்கிறது. சோபாவில் வைக்கும் சாதா ஃபோம் மட்டும் வேண்டாம்.

நூலிலும் கவனம் தேவை. பருத்தி நூல் மக்கிவிடும், பாலியெஸ்டர் நூல் தாங்கும். ஸ்டேப்பிள் ஊசி துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். ரெக்ஸினைச் சற்று வெயிலில் போட்டால் இளகும். அப்போது முதலில் நாலு பக்கமும் நடுவில் ஒவ்வோர் ஊசி அடித்து, பிறகு மூலைகளை நோக்கி இழுத்துக்கொண்டே போனால் சுருக்கம் விழாது. மூலையில் இரண்டு மடிப்பு, அவ்வளவுதான். அடிப்பக்கத்தை ரெக்ஸினால் மூடக் கூடாது. அது மூச்சு விட வேண்டும்.

இதெல்லாம் கைவேலை. கற்றுக்கொள்ளலாம். கணக்குப் போடாமல் செய்யக் கூடாத ஒரு வேலை இருக்கிறது, உயரம் கூட்டுவது.

பழைய மெத்தை இரண்டு அங்குலம் என்றால், செலவோடு செலவாக நாலாகவோ ஆறாகவோ போட்டுவிடலாம் என்ற ஆசை எவருக்கும் வரும். 75 பேர் உட்காரும் படகில், ஆளுக்கு 60 கிலோ என்று வைத்தால் நாலரை டன். நாலு அங்குலம் ஏற்றினால், நாலரை டன்னையும் 10 சென்டிமீட்டர் மேலே தூக்கி வைத்ததாக அர்த்தம். தலைக்கனம் கூடக் கூட, சாய்ந்த படகு நிமிர்வது கடினமாகிறது.

தண்ணீர் குடித்த ஃபோமின் கதை இன்னும் மோசம். ஒன்றரை அடிச் சதுரத்தில் நாலு அங்குல மெத்தைக்குள் சுமார் 20 லிட்டர் இடம் இருக்கிறது. காய்ந்தபோது அதன் எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. பாதி நனைந்தாலே பத்து கிலோ. 75 இருக்கைகளில் 750 கிலோ. டிக்கெட் வாங்காத பன்னிரண்டு பயணிகள் ஏற்கெனவே படகில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்தக் கணக்கு தேக்கடிக்குத் தெரியும். 2009 செப்டம்பர் 30 மாலை, கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ‘ஜலகன்யகா’ என்ற இரண்டு தளப் படகு இந்த ஏரியில் கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் தெரிந்த விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கமாக நகர்ந்தபோது படகு சாய்ந்ததாக அப்போது செய்திகள் வந்தன. படகு ஓடத் தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. இருக்கைகளில் கிழிசல் இருந்திருக்க நியாயமில்லை. பார்வைக்கு எல்லாம் புதுசு. படகு எவ்வளவு சாய்ந்தால் நிமிரும், எத்தனை பேரைத் தாங்கும் என்ற கேள்விகள் பிணங்களை எண்ணிய பிறகுதான் உரக்கக் கேட்கப்பட்டன.

பாடம் முழுதாகப் படிக்கப்படவில்லை. 2023 மே 7ம் தேதி மலப்புறம் மாவட்டம் தானூரில் ஓர் உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். பலர் குழந்தைகள். மீன்பிடிப் படகு ஒன்றுதான் பயணிகள் படகாக மாற்றப்பட்டிருந்தது. அளவுக்கு மீறி ஆட்களும் ஏற்றப்பட்டிருந்தார்கள். வலையும் மீனும் படகின் வயிற்றில் கிடப்பவை. பயணிகளோ தளத்தின் மேல் உட்காருகிறார்கள், யாராவது கை காட்டினால் எழுந்தும் நிற்கிறார்கள்.

எனவே வீட்டு வேலைக்கு ஒரு எல்லைக்கோடு தேவை. கிழிந்த உறையை மாற்றலாம், உளுத்த பலகையை அதே அளவில் மாற்றலாம், மெத்தையை அதே கனத்தில் நிரப்பலாம். இருக்கையை உயர்த்துவது, வரிசையைக் கூட்டுவது, மேலே ஒரு தளம் போடுவது ஆகியவை கத்தரியும் ஸ்டேப்ளரும் வைத்திருப்பவர் முடிவு செய்யும் விஷயங்கள் அல்ல. 2021ம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி இயந்திரப் படகுகளுக்குப் பதிவும் ஆய்வுச் சான்றிதழும் வேண்டும். சான்றிதழ் வாங்கியபோது இருந்த படகும் இன்று ஓடும் படகும் ஒன்றாக இருந்தால்தான் அந்தக் காகிதத்துக்கு மதிப்பு.

வேலை முடிந்து இருக்கையைத் திரும்பப் பொருத்தும்போது கடைசியாக ஒரு சோதனை. ஒருவர் தன் முழு பலத்தோடு அதை இழுத்தும் தள்ளியும் பார்க்க வேண்டும். அசைந்தால் மறுபடி முடுக்க வேண்டும். சாயும் படகில் சறுக்கும் இருக்கை, ஆட்களையும் சேர்த்துத் தாழ்ந்த பக்கத்துக்கே கொண்டுபோகும். லைஃப் ஜாக்கெட் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மெத்தை கடினமாக இருந்தால் பயணிகள் ஜாக்கெட்டைக் கழற்றி மேலே உட்காருவார்கள். தொடர்ந்து நசுங்கும் ஜாக்கெட்டின் மிதக்கும் சக்தி குறைந்துபோகும். நல்ல மெத்தைக்கு அதுவே போதுமான நியாயம்.

தேக்கடியில் இப்போது லைஃப் ஜாக்கெட் கட்டாயம். இடுப்பில் பட்டையை மாட்டும்போது சலித்துக்கொள்ளாதவர் குறைவு. சேலைக்கு மேல் கட்டினால் போட்டோவில் நன்றாக இல்லை என்ற குறையும் உண்டு. படகு ஒரு வளைவில் திரும்புகிறது. கரைப் புல்வெளியில் காட்டெருமைக் கூட்டம். எதிர்ப்பக்கத்துக் கல்லூரிப் பையன் ஒருவன் பாதி எழுகிறான், பக்கத்துப் பெரியவர் சட்டையைப் பிடித்து இழுக்கிறார், பையன் உட்காருகிறான். காட்டெருமைகள் தலையைக்கூடத் தூக்கவில்லை. அவன் உட்கார்ந்தபடியே எட்டிப் பார்க்கிறான். நன்றாகத்தான் தெரிகிறது.