ஜப்பானிலிருந்து கொண்டு வந்த கேள்வி



மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஜப்பான் போய்த் திரும்பி மூன்று கிழமையாகிறது. பன்னிரண்டு பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள், பத்து நாட்கள். எங்களுக்காக துஆச் செய்த அனைவருக்கும் ஜஸாக்குமுல்லாஹு ஹைரா.

படங்களைப் பார்த்தவர்கள் புல்லட் ரயிலைப் பற்றிக் கேட்கிறார்கள், ரோட்டில் குப்பையே இல்லையாமே என்று கேட்கிறார்கள். ரயில் நேரத்துக்கு வந்தது, ரோடு சுத்தமாகத்தான் இருந்தது. அதையெல்லாம் பிள்ளைகளே வீட்டுக்கு வீடு சொல்லி முடித்திருப்பார்கள். நாங்கள் எழுத வந்தது வேறொன்று. அதற்கு முன் இரண்டு வார்த்தை.

சாப்பாட்டைப் பற்றிப் பெற்றோர் பயந்தீர்கள். நாங்களும் பயந்தோம். ஆனால் பிள்ளைகள் தங்கிய வீடுகளில், பன்றி இறைச்சி கூடாது என்பதோடு விஷயம் முடியவில்லை. சோயா சோஸில் மதுசாரம் சேர்ந்திருக்கிறதா, இனிப்பில் ஜெலட்டின் இருக்கிறதா என்று போத்தலையும் பெட்டியையும் திருப்பித் திருப்பி வாசித்தார்கள் அந்தத் தாய்மார். ஜூன் மாதம் அங்கே நாலு மணி தாண்டியதும் சூரியன் உதித்துவிடுகிறது. சுபஹுக்குப் பிள்ளைகள் நடுச்சாமத்தில் எழும்புவதைக் கண்ட ஒரு வீட்டு மூதாட்டி, அடுத்த நாளிலிருந்து வுழூச் செய்யும் இடத்தில் துவாய் மடித்து வைத்திருந்தார். நம் வீட்டுக்கு வேறு மதத்துப் பிள்ளையொன்று வந்து தங்கினால் நாம் இப்படிப் பார்ப்போமா என்று இரவில் எங்களுக்குள் கதைத்துக்கொண்டோம்.

தூரிகையால் எழுதும் வகுப்பில், விரும்பிய ஒரு சொல்லை எழுதச் சொன்னார்கள். எங்கள் மாணவி ஒருத்தி 'கடல்' என்ற சொல்லைக் கேட்டாள். ஜப்பானிய மொழியில் கடலுக்கு 'உமி' என்று பெயர். "நம்மட நெல்லு உமியா?" என்று மற்றப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. ஏனென்று பிறகுதான் விளங்கியது.

நாங்கள் போனது செண்டாய் நகரத்துக்கும் அதன் கரையோரத்துக்கும். 2011 மார்ச் 11 சுனாமி அடித்த பக்கம். அந்த அனர்த்தத்தில் 18,000க்கு மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போனார்கள். எங்கள் தொண்டு வேலை அங்கே கரையோரம் நட்டிருந்த பைன் கன்றுகளைச் சுற்றிக் களை பிடுங்குவது. பழைய மரங்களைக் கடல் கொண்டுபோய்விட்டது. நம் கரையில் சுனாமிக்குப் பிறகு சவுக்கு நட்டோமே, அது போலத்தான். இடுப்பளவு கன்றுகளுக்கு நடுவே குனிந்திருந்தபோது, பக்கத்தில் வேலை செய்த ஜப்பானிய மாணவன் அந்த மாணவியிடம், உங்கள் ஊரிலும் சுனாமி வந்ததா என்று ஆங்கிலத்தில் கேட்டான். அவள் வாப்பாவின் தங்கச்சி 2004இல் போனவர். மையித் கிடைக்கவில்லை. அவருடைய பெயரைத்தான் இவளுக்கு வைத்திருக்கிறார்கள். தெரிந்த ஆங்கிலத்தில் அதைச் சொன்னாள். அவன் கையுறையைக் கழற்றிவிட்டுத் தலை தாழ்த்தினான். இத்தனை வருடம் படிப்பித்த எங்களுக்கு இது தெரியாது.

பிறகு இரண்டு பாடசாலைகளைப் பார்த்தோம்.

முதலாவது அரஹாமா ஆரம்பப் பாடசாலை. கடலிலிருந்து ஏறக்குறைய 700 மீற்றர். சுற்றிலும் நம் ஊரைப் போல மட்டமான தரை, மலை கிடையாது. நாலு மாடிக் கட்டடம். அன்று 2.46க்கு நிலம் நடுங்கியது. அலை வந்தது 3.55க்கு. அந்த நேரத்தில் நின்றுபோன கடிகாரத்தை இன்றும் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளும் ஆசிரியர்களும் ஊர்ச்சனமுமாக 320 பேர் மேலே ஏறியிருந்தார்கள். தண்ணீர் இரண்டாம் மாடி வரை வந்தது. மேலே ஏறியவர்கள் தப்பினார்கள்.

இரண்டாவது இஷினோமாகியிலுள்ள ஒகாவா ஆரம்பப் பாடசாலை. அங்கே பாடசாலையோடு ஒட்டி மலை இருக்கிறது. பிள்ளைகள் நடந்தே ஏறக்கூடிய மலை. ஆனால் எங்கே போவதென்று முடிவாகாமல் ஏறக்குறைய 50 நிமிடம் முற்றத்திலேயே நின்றார்கள். 74 பிள்ளைகளும் 10 ஆசிரியர்களும் போய்விட்டார்கள். அங்கே பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரே வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்கிறார்கள். வழக்கு நீதிமன்றம் வரை போனது. 2018இல் மேல் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு எங்களைச் சுட்டது. அன்றைய தவறு மட்டுமல்ல, முன்கூட்டியே சரியான திட்டம் போட்டு வைக்காததும் பொறுப்பில் தவறியதுதான் என்றது அது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை மாற்றவில்லை.

இறந்த ஆசிரியர்களும் பிள்ளைகளை நேசித்தவர்கள்தான். கடைசி வரை அவர்களோடு நின்றவர்கள்தான். நேசம் மட்டும் போதாது என்று அந்த முற்றத்தில் நின்றபோது விளங்கியது.

திரும்பி வரும் பஸ்ஸில் ஒரு மாணவன் கேட்டான்: "சேர், நம்மட ஸ்கூல்ல இருக்கக்குள்ள தண்ணி வந்தா நாம எங்க ஓடுற?"

எங்கள் இருவரிடமும் பதில் இல்லை.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. விடுமுறைக் காலம். பாடசாலைகள் பூட்டிக் கிடந்தன. அது ஒரு புதன்கிழமை காலை பத்து மணியாக இருந்திருந்தால் என்று நாம் யோசித்ததுண்டா? இந்த நாட்டில் அம்பாறை மாவட்டமே ஆகக் கூடுதலான உயிர்களை இழந்தது. நமக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல். ஏற மலை இல்லை. ஆனால் மாடிகள் இருக்கின்றன. பள்ளிவாசலுக்கு மாடி இருக்கிறது, ஒலிபெருக்கி இருக்கிறது. ஒரு காலத்தில் ஒத்திகை நடந்தது, பிறகு விட்டுப்போனது. யாரிலும் பழி போட வரவில்லை. விட்டவர்களில் நாங்களும் அடக்கம். இன்று வகுப்பில் இருக்கும் பிள்ளை ஒன்றுகூட அந்த அலையைக் கண்டதில்லை.

ஆகவே, சென்ற கிழமை அந்தப் பன்னிரண்டு பேரும் நேரம் பார்த்து நடந்தார்கள். முதலாம் ஆண்டு வகுப்பிலிருந்து மேல்மாடிக்குச் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போக ஏழு நிமிடம் எடுத்தது. படிக்கட்டின் கதவு பூட்டியிருந்தது. திறப்பு யாரிடம் என்று தேடவே இன்னும் ஐந்து நிமிடம். இப்போது அந்தத் திறப்புக்கு இரண்டு பிரதிகள் வெட்டியாயிற்று.

உலக சுனாமி விழிப்புணர்வு தினமான நவம்பர் 5ஐ ஒட்டி முழுப் பாடசாலைக்கும் ஒத்திகை வைக்க அதிபரிடம் பேசியிருக்கிறோம். பள்ளிவாசல் நிர்வாகிகளிடமும், பக்கத்து மாடி வீட்டுக்காரர்களிடமும் வருவோம். கதவைத் திறந்து தாருங்கள்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். மணி அடித்தால் பிள்ளையைத் தேடிப் பாடசாலைக்கு ஓடி வராதீர்கள். நேரே உயரமான இடத்துக்குப் போங்கள். பிள்ளையை நாங்கள் மேலே ஏற்றுவோம் என்று நீங்கள் நம்ப வேண்டும். அந்த நம்பிக்கைக்குத் தகுதியாவது எங்கள் கடமை.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வில் தவக்குல் வைக்கச் சொல்லித் தந்த மார்க்கம் நம்முடையது. 2004ஐக் கண்ட உம்மம்மாமார், அப்பாமார் ஒத்திகைக்கு முந்திய கிழமை பாடசாலைக்கு வந்து பிள்ளைகளுக்கு அந்த நாளைச் சொல்லித் தாருங்கள். வர விருப்பமானவர்கள் கீழே எழுதுங்கள், நாங்களே வீடு தேடி வந்து கூட்டிப்போகிறோம்.