இருண்ட திரை

திரை இருண்டவுடன் கணினியே மாண்டுவிட்டதென முடிவுகட்டுவது நம் இயல்பு. லினக்ஸ் கணினிகளோடு பழகியோர் அவ்வாறு எண்ணார். காட்சி மறைந்த பின்னும் உள்ளே இயக்கம் நடந்துகொண்டிருக்கலாம் என்பதை அவர்கள் அறிவர்.

1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட கெர்னலே இவ்வமைப்பின் மையம். அதற்கும், படங்களைத் திரைக்கு அனுப்பும் கிராபிக்ஸ் கார்டுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளர்போல் நிற்கும் மென்பொருளை டிரைவர் என்பர். கார்டைச் செய்த நிறுவனம் தனியே வழங்கும் டிரைவராயின், கெர்னல் புதுப்பிக்கப்படும்போது அதற்கேற்ப அதுவும் மீண்டும் உருவாக்கப்பட வேண்டும். இது தவறினால் திரை இருளக்கூடும்.

எங்கள் பங்கு அலுவலகக் கணினியில் ஒருநாள் இவ்வாறே நேர்ந்தது. திருமுழுக்கு ஏடுகள் அலமாரியில் பத்திரமாக உள்ளன. ஆயினும் அவற்றிலுள்ள பெயர்களை அகரவரிசைப்படுத்தி, மறைந்த உபதேசியார் மூன்றாண்டுகள் உழைத்து அமைத்த அட்டவணை அக்கணினியில் மட்டுமே இருந்தது. “எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவிவிடலாம், ஐயா” என்றார் உதவிக்கு வந்த இளைஞர். “சற்றுப் பொறுங்கள், தம்பி” என்றேன்.

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய விசைகளை ஒருசேர அழுத்தினோம். கருந்திரையில் வெண்ணிற எழுத்துகள் தோன்றிப் பயனர் பெயரைக் கேட்டன. முதலில் அட்டவணையைப் பென் டிரைவில் படியெடுத்தோம். பின்னர், காட்சியை நடத்தும் எக்ஸ் எனும் மென்பொருள் தானே எழுதிவைக்கும் குறிப்பேட்டைத் திறந்தோம். அதில் பிழைகளைச் சுட்டும் வரிகள் ‘ஈஈ’ என்னும் அடையாளம் தாங்கியிருக்கும். டிரைவரை ஏற்ற இயலவில்லை என்றது அத்தகைய வரி ஒன்று. கணினியை மீண்டும் துவக்கி, தொடக்கப் பட்டியலில் முந்தைய கெர்னலைத் தேர்ந்தோம், திரை ஒளிர்ந்தது. புதிய கெர்னலுக்குரிய டிரைவரை அதன்பின் நிதானமாக உருவாக்கிக்கொண்டோம்.

ஆன்ம வறட்சியின் வேளையில், ஒளியிருந்தபோது எடுத்த தீர்மானங்களை மாற்றலாகாது என்று புனித லொயோலா இஞ்ஞாசியார் தம் ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூலில் அறிவுறுத்துகிறார். அவ்வேளையில் செபத்தையும் ஆன்ம சோதனையையும் மிகுதியாக்கச் சொல்கிறார். அந்நூல் 1548இல் அச்சேறியது, அறிவுரையோ பழசாகவில்லை.

செபத்தில் ஒன்றும் தோன்றாத நாள்கள் நமக்கும் உண்டு. பேச்சு நின்றுபோன கணவன் மனைவியரும், தந்தையின் முகம் பாராத பிள்ளைகளும் நம் பங்குகளில் உண்டு. அங்கெல்லாம் “இனி ஒன்றுமில்லை” என அழித்தெழுத முற்படுமுன், உள்ளே என்ன எழுதப்பட்டிருக்கிறது எனப் பொறுமையாக வாசிப்போம். காணாமற்போனது காட்சி மட்டுமாக இருக்கலாம்.