பார்சல் கிடையாது

கும்பகோணத்துப் பிள்ளைகளுக்குச் சேலம் என்றால் மேட்டூர்தான். ஜூன் நெருங்கினால் எங்கள் தெருவில் கோயில் திருவிழாவைவிட அணையின் நீர்மட்டத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். முழு நீர்மட்டம் 120 அடி. "தொண்ணூறத் தாண்டிருச்சாம்" என்று யாராவது சொன்னால் போதும், அப்பா முகம் தெளிந்துவிடும். ஜூன் 12ஆம் தேதி அணை திறப்பார்களா இல்லையா என்பதை வைத்தே எங்கள் வீட்டில் தீபாவளித் துணி, பள்ளிக்கூட பீஸ், அக்கா கல்யாணம் எல்லாம் முடிவாகும். அந்த அணை சேலம் மாவட்டத்தில் இருக்கிறது என்பதோடு சேலத்தைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது முடிந்துவிடும். மிச்சம் மாம்பழம்.

சேலத்துக்காரரைக் கட்டிக்கொண்டு அந்த ஊருக்குப் போனபோது என் கண் முதலில் ஆற்றைத் தேடியது. ஊருக்கு நடுவே திருமணிமுத்தாறு என்று அழகான பெயரில் ஒன்று இருக்கிறது. பெயரில் உள்ள முத்தும் மணியும் தண்ணீரில் இல்லை. சுற்றிலும் சேர்வராயன் மலை, ஜருகுமலை, நகரமலை, கஞ்சமலை. நடுவே வெயிலில் காயும் சமவெளி. வாய்க்கால் ஓடாத ஊரில் சோறு ருசிக்காது என்று டெல்டாக்காரர்களுக்கு ஓர் எண்ணம் உண்டு. அந்த எண்ணத்தோடுதான் நானும் போனேன். அத்தை அதை என் முகத்திலேயே படித்துவிட்டார். "கண்ணு, நீ குடிச்சு வளந்த தண்ணி எங்க மாவட்டத்தத் தாண்டித்தான் வந்துச்சு. எங்களுக்கு மிச்சம் வெக்காம நீங்க குடிச்சீங்க" என்றார், சிரித்துக்கொண்டே.

கல்யாணமான புதிதில் ஒரு சாயங்காலம் அத்தை புடவையை மாற்றிக்கொண்டு, "வா, குகைக்குப் போயிட்டு வரலாம்" என்று கூப்பிட்டார். குகை அவர் பிறந்து வளர்ந்த பகுதி. ஆடி மாதம் மாரியம்மன் பண்டிகையில், கடவுளர் வேடமிட்டவர்களை அலங்கார வண்டிகளில் ஏற்றி வலம் வரும் வண்டி வேடிக்கைக்குப் பேர்போன இடம். கோயிலுக்குத்தான் கூப்பிடுகிறார் என்று நானும் பூ வைத்துக்கொண்டு கிளம்பினேன். அவர் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது ஒரு தள்ளுவண்டியின் முன்னால்.

வண்டியில் ஓர் அக்கா நின்றிருந்தார். உள்ளங்கையில் பாதி அகலமே உள்ள தட்டுவடையை எடுத்தார். பச்சைச் சட்னி ஒரு இழுப்பு, சிவப்புச் சட்னி ஒரு இழுப்பு. அதன் மேல் துருவிய பீட்ரூட், கேரட், பொடியாக நறுக்கிய வெங்காயம். இன்னொரு தட்டுவடையை வைத்து மூடினார். அதுதான் செட். கடித்துத் தின்னக் கூடாது, முழுசாக வாய்க்குள் போய்விட வேண்டும். முதலில் மொறுமொறுப்பு, அடுத்து பீட்ரூட்டின் இனிப்பு, கடைசியில் பூண்டும் மிளகாயும் வந்து காதுவரை ஏறும். வாய் மூடுவதற்குள் அடுத்தது தட்டில் இருக்கும். இதையே நொறுக்கிக் கிளறிக் கொடுத்தால் நொறுக்கல், முறுக்கை வைத்துச் செய்தால் முறுக்கு செட், முட்டையைச் சேர்த்தால் முட்டை செட்.

ருசி பிடித்துவிட்டது. ஆனாலும் அன்று என்னைத் திகைக்க வைத்தது ருசி அல்ல. கும்பகோணத்தில் எங்கள் வீட்டுப் பெண்கள் தெருவில் நின்று எதையும் வாயில் போட்டு நான் பார்த்ததில்லை. பஜ்ஜியும் போண்டாவும் ஆண்கள் வாங்கி வருவார்கள். அவர்கள் தின்றது போக மிச்சம் அடுப்படிக்கு வரும், ஆறிப்போய். இங்கே அறுபதைத் தாண்டிய ஒரு மாமியார், நடுத்தெருவில், தறி வேலை முடிந்து வந்தவர்களுக்கும் டியூஷன் பிள்ளைகளுக்கும் நடுவே நின்றுகொண்டு, "காரத்தக் கூட்டிப் போடு, என்ன பயந்து பயந்து போடுற?" என்று அதிகாரம் செய்துகொண்டிருந்தார். அந்த ஊர் எனக்குப் பிடித்துப்போனது அப்போதுதான்.

அந்த வீட்டில் சண்டைக்கும் செட்டுதான் காரணம் என்பது பிறகு தெரிந்தது. என் கணவருக்குப் பிடித்தது அரிசிபாளையத்தில் ஒரு கடை. பள்ளிக்கூட நாளிலிருந்து அவரும் நண்பர்களும் அங்கேதான். குகைக் கடையை அவர் ஒப்புக்கொள்ள மாட்டார், அரிசிபாளையத்தை அத்தை ஒப்புக்கொள்ள மாட்டார். நாத்தனாருக்கு முட்டை செட் தவிர மற்றதெல்லாம் பச்சைப் பிள்ளைகள் தின்பது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு பேர் மூன்று திசையில் வண்டியைத் திருப்பி நிற்பார்கள். மாமனார் யார் பக்கமும் சேராமல் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார்.

இந்த வீட்டுக்குத்தான் என் அம்மா விருந்தாளியாக வந்தார்.

அம்மா சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய திட்டம் அது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கடைசிப் பிள்ளை கை கழுவி எழுந்த பிறகுதான் அம்மா தன் டிபன் பாக்ஸைத் திறப்பார். வீட்டிலும் அதே வரிசைதான். அப்பா, நாங்கள், வந்தவர் போனவர், அதற்குப் பிறகு அம்மா. கடைசிப் பந்தியில் உட்கார்ந்து உட்கார்ந்து, சூடாகச் சாப்பிடுவதே தனக்குப் பிடிக்காது என்று சொல்லிக்கொள்ளும் நிலைக்கு வந்திருந்தார்.

"சம்பந்தி, கிளம்புங்க, கடைக்குப் போலாம்" என்று அத்தை கூப்பிட்டதும் அம்மா ஒயர் கூடையோடு வந்துவிட்டார், காய்கறி வாங்கத்தான் என்று. தள்ளுவண்டியைப் பார்த்ததும் முகம் மாறியது.

"பார்சல் வாங்கிக்கலாமே சம்பந்தி. வீட்டுல உக்காந்து சாப்பிடலாம்."

"பார்சல் கட்டுனா செட்டு செத்துப்போயிரும்."

"தெருவுல எப்படிங்க நிக்கிறது?"

"எப்படின்னா? கால்லதான்."

அத்தை சொன்னதில் நியாயம் இருக்கிறது. சட்னி பட்ட கணத்திலிருந்து தட்டுவடை ஊறத் தொடங்கும். மொறுமொறுப்பு போனால் அது வெறும் ஈர மாவு. சட்னி, காய், தட்டுவடை என்று தனித்தனியாகக் கட்டித் தருகிறவர்களும் உண்டு. அதைச் செட்டென்று அத்தை சேர்க்க மாட்டார். ஆனால் அம்மாவுக்கு இது ருசி பற்றிய பேச்சே அல்ல. தான் வளர்ந்த விதத்தை யாரோ தெருவில் வைத்துக் கேள்வி கேட்பதாக அவருக்குப் பட்டது. குரல்கள் உயர்ந்தன. தட்டும் கையுமாக நின்ற பிள்ளைகள் மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். என் கணவர் பைக் டயரில் காற்று இருக்கிறதா என்று குனிந்து பார்க்கத் தொடங்கினார். அம்மா போய் ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டார். "சம்பந்தி சாப்பிடாம நான் மட்டும் சாப்பிட்டா நல்லாவா இருக்கும்?" என்று அத்தையும் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வண்டிக்கார அக்கா மட்டும் அசரவில்லை. "நாளைக்கு வாங்கம்மா. நான் எங்க போயிடப் போறேன்?" என்றார்.

அன்று இரவு சம்பந்திகள் இருவரும் ஆளுக்கொரு மூலையில் தயிர்ச்சாதம் சாப்பிட்டார்கள். நானும் நாத்தனாரும் மொட்டை மாடிக்கு ஓடிப்போய்ச் சிரித்தோம்.

மறுநாள் நாமக்கல். கணவரின் நண்பர் வீட்டுக்கு என்று முன்பே பேசி வைத்திருந்ததால், பேசாத இருவரையும் ஒரே வேனில் ஏற்றினோம். கூரையில்லாமல் வெட்டவெளியில் 18 அடி உயரத்துக்கு நிற்கும் ஆஞ்சநேயரைக் கும்பிட்டபோதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

நண்பர் கோழிப்பண்ணை வைத்திருப்பவர். வாசலிலேயே "வாங்க தங்கச்சி" என்றார். அவர் அம்மா, "வா அம்மணி, வெயில்ல நிக்காத, உள்ள வா" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். உட்கார்ந்து கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்காது, முட்டை விலைக்குப் பேச்சு போய்விட்டது. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் விலையை இந்தப் பக்கத்தில் அவ்வளவு உன்னிப்பாகக் கவனிக்கிறார்கள். "அஞ்சு காசு எறங்குனாலும் ராத்திரி தூக்கம் வராதுங்க" என்றார் நண்பர். மேட்டூர் நீர்மட்டம் கேட்கும் அப்பாவின் குரல் எனக்கு ஞாபகம் வந்தது. பூமி வேறு, கவலை ஒன்றுதான்.

அம்மாவின் ஆர்வம் வேறொன்றின் மேல் இருந்தது. "இவ்வளவு கோழிக்கும் தண்ணி எங்கேருந்துங்க?" நண்பரின் அம்மா போர்வெல்லைக் காட்டினார். காவிரிக்கரையில் பரமத்தி வேலூர்ப் பக்கம் வெற்றிலையும் வாழையும் தழைக்கின்றன. கரையை விட்டுத் தள்ளி வந்துவிட்டால் மானாவாரிதான். பக்கத்துத் திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பும் ஆழ்துளைக் கிணறு லாரிகள் இந்தியா முழுவதும் போய் பூமியைத் துளைப்பது சும்மா இல்லை, தண்ணீரைத் தேடித் தேடியே கைவந்த தொழில் அது. "தண்ணி இருந்தா நாங்களும் நெல்லு போட்டிருப்போமுங்க. இல்லாததால கோழிய வளக்குறோம்" என்றார் அந்தப் பெரியம்மா, எந்தக் குறையும் இல்லாத குரலில். கொல்லையில் வாய்க்கால் ஓடிய வீட்டில் பிறந்த அம்மா அதைக் கேட்டுவிட்டுச் சற்று நேரம் எதுவும் பேசவில்லை.

பிறகு அடுக்கி வைத்திருந்த முட்டை அட்டைகளிடம் போனார். ஓர் அட்டைக்கு முப்பது. பழக்க தோஷத்தில் விரல் தானாக எண்ணத் தொடங்கியது. "இந்த அட்டைய நான் எத்தன வருஷம் எண்ணியிருக்கேன் தெரியுமா? எங்க பள்ளிக்கூடத்துக்கு வந்ததெல்லாம் நாமக்கல் முட்டைதான்." பெரியம்மா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப நம்மூரு முட்டையத்தான் அந்தப் பிள்ளைக தின்னுச்சுங்களா!" அதற்குப் பிறகு அம்மாவை அவர் நகர விடவில்லை. முதல் பந்தியில், முதல் இலையில் உட்கார வைத்தார். வரமிளகாயும் சின்ன வெங்காயமும் தேங்காய்ச் சில்லும் போட்டு, மசாலாப் பொடியே இல்லாமல் வதக்கிய பள்ளிபாளையம் சிக்கன். அடுப்பிலிருந்து நேராக இலைக்கு வந்தது. மிளகாயின் சிவப்பைப் பார்த்துத் தயங்கிய அம்மா, மறுபடியும் கேட்டு வாங்கிக்கொண்டார். அத்தை அதைக் கவனித்தார். ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது ராசிபுரம் தாண்டியதும் வேனின் பின்சீட்டிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது: "சம்பந்தி, அந்தக் கடை எத்தன மணி வரைக்கும் இருக்கும்?"

அத்தை டிரைவரின் தோளைத் தட்டினார். "தம்பி, வீட்டுக்கு வேணாம். நேரா குகைக்கு விடு."

அக்கா அம்மாவை மறக்கவில்லை. காத்திருந்த கூட்டத்தைக் கையால் அமர்த்திவிட்டு, "அம்மாவுக்கு என்ன மாதிரிப் போடட்டும்?" என்று கேட்டார். அம்மா விழித்தார். "காரம் கம்மியாவா? பூண்டுச் சட்னி சேக்கலாமா? மாங்கா வந்திருக்கு, தூவட்டுமா?" எத்தனையோ ஆயிரம் தட்டுகளை நிரப்பிய மனுஷியிடம், உனக்கு எது பிடிக்கும் என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. அம்மா யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "பூண்டு வேணும். மாங்கா கொஞ்சம் தூக்கலா. காரம்... நீங்க போடுற மாதிரியே போடுங்க."

முழுசாக வாயில் போட்டார். கண் கலங்கியது, மூக்கை உறிஞ்சினார், தட்டை மறுபடி நீட்டினார். சற்று நேரத்தில் பேச்சு தொழில்நுணுக்கத்துக்குப் போய்விட்டது. மாவில் எள் சேர்த்தால் வாசனையாக இருக்குமே என்றார் அம்மா. எள் சேர்த்தால் சட்னியின் ருசி அமுங்கிவிடும் என்றார் அக்கா. இருவருக்கும் நடுவில் அத்தை நின்று, "எங்க சம்பந்தி ஒரு பள்ளிக்கூடத்துக்கே சமச்சுப் போட்டவங்க" என்று பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் அறிமுகம் செய்துகொண்டிருந்தார்.

அங்கே நின்ற கூட்டத்தை அன்று நான் கூர்ந்து பார்த்தேன். கல்லூரிப் பெண்கள், குழந்தையை இடுப்பில் வைத்த தாய், வேலை முடித்து வீட்டுக்குப் போகும் வழியில் நின்ற நடுவயதுப் பெண்கள் சிலர். வீட்டுக்குக் கொண்டுபோக முடியாத பண்டம் என்பதால் அதைத் தின்பதற்கு இவர்கள் வெளியே வந்தாக வேண்டும். நின்று, தன் காரம் எவ்வளவு என்று வாய்விட்டுச் சொல்லி, மொறுமொறுப்பு போகாமல், யாருக்கும் பரிமாறாமல் தின்ன வேண்டும். ஒரு தெரு தன் பெண்களுக்குச் சாயங்காலத்தில் இந்த அரை மணி நேரத்தைக் கொடுக்குமானால் அது நல்ல தெரு. காவிரி ஓடும் எங்கள் ஊர்க் கடைத்தெருவிலும் இப்படிப் பெண்கள் நிற்க வேண்டும் என்று நான் மனசார ஆசைப்படுகிறேன்.

போன வாரம் அம்மா போன் செய்தார். ஆடிப் பண்டிகைக்கு வருகிறாராம். குகையில் வண்டி வேடிக்கை பார்க்க வேண்டும், அரிசிபாளையத்துக்கும் போக வேண்டும். "மாப்பிள்ளை கடையா சம்பந்தி கடையான்னு தீர்ப்ப நான் சொல்லிடுறேன்" என்றார். பக்கத்திலிருந்து அத்தை, "தீர்ப்புச் சொல்றவங்க பசியோட வரணும்னு சொல்லு" என்று கத்தினார். வைப்பதற்கு முன் அம்மா குரலைத் தாழ்த்தாமலேயே ஒன்று சேர்த்தார்: "இந்தத் தடவ உங்கப்பாவும் வர்றார். அவருக்கு முதல் தட்டக் குடுத்துடாதீங்க. நான் சாப்பிட்டு முடிச்ச பெறகு குடுத்தாப் போதும்."